டிப்போ ராசா

நேற்று கரையான்சாவடியில் பூண்டு வாங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து செல்போன் கடையில் உன் பாட்டு ஓடியது. கிதார் இரைச்சலுக்கு நடுவில் என் குரல். உன்னைக் கிடத்தி வைத்து அழுத அன்றைய குரல். பூண்டு விற்கிறவள், "இந்தப் பாட்டு போட்டா எம் பையன் சோறுகூட துன்ன மாட்றான்க்கா, ஆடிகினே கீறான்" என்றாள். பாடியது நான்தான் என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

நம் பிள்ளை செல்வாவும் கூட்டாளிகளும் போட்ட முதல் ஆல்பத்தை யாரும் சீண்டவில்லை. நீ மட்டும் போனைக் காதில் வைத்துக் கடைசி வரை கேட்டாய். "இன்னாடா, இரும்புக் கடையில சண்ட நடந்த மாரி கீது" என்றாய். அவன் முகம் சுண்டியதும், "நல்ல இரும்புடா நைனா" என்று சேர்த்துக்கொண்டாய். இரண்டாவது ஆல்பத்தைக் கேட்க நீ இல்லை. அதுதான் ஓடு ஓடு என்று ஓடுகிறது. பஸ்ஸிலும் அதுதான், கல்யாண மண்டபத்திலும் அதுதான்.

அம்பத்தூரில் நீ வேலை பார்த்த கம்பெனியை மூடின பிறகும் நீ காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போவாய். ஒருநாள் ஐயப்பன்தாங்கல் டிப்போவுக்குள் நான் வந்த பஸ் திரும்பியபோது, தூணோரம் உட்கார்ந்து சுவரைப் பார்த்தபடி நீ சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மறுபக்க வாசல் வழியாக இறங்கிப் போய்விட்டேன். சாயங்காலம், "இன்னிக்கு வேல ஜாஸ்தியா?" என்றேன். "செம லோடு" என்றாய். மறுநாளும் சோறு கட்டிக் கொடுத்தேன். உனக்கு வேறு வேலை கிடைக்கும் வரை கட்டினேன். நீ சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. பிள்ளைக்குக்கூடத் தெரியாது.

உன் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தபோது அது வாயில் வந்துவிட்டது.

"வேலைக்குன்னு சொல்லிப் போயி டிப்போவுல குந்தினியே,
கட்டித் தந்த சோத்தத் துன்னு கண்ணத் தொடச்சி வந்தியே, என் ராசா..."

என்னோடு அழுத பொம்பளைகள் அப்புறம் ஒருத்தியும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நம் தெரு வழக்கம் அது. பிணத்துக்கு முன்னால் சொன்னது பிணத்தோடு போய்விடும். ஆனால் செல்வா கையில் போன் இருந்தது.

"அம்மா, நீ அழுதத போட்டுக்கவா?" என்று பிறகு கேட்டான். உன் வருஷ காரியத்துக்கு வீட்டில் போட்டுக் கேட்கப் போகிறான் என்று நினைத்து, "போட்டுக்கடா, உங்கப்பாதான" என்றேன். ஊருக்கே போடுவான் என்று எனக்குத் தோன்றவில்லை.

போன வாரம் ஆவடியில் கச்சேரி. போகும் முன்னால், "அந்த ரெண்டு வரிய எடுத்துட்றா" என்றேன்.

"அதுக்குத்தாம்மா ஜனமே வருது."

"எனுக்குக்கூடத் தெரியாதுன்னு நென்ச்சிகினே போய்ட்டாருடா."

கிதாரைப் பைக்குள் வைத்து மூடினான். "வெளிய வந்துட்டத ஒண்ணும் பண்ண முடியாதும்மா. மேடையில அத நான் பாட மாட்டேன்" என்றான்.

சொன்னபடி செய்தான். அந்த இடம் வந்ததும் கிதாரை நிறுத்தி, மைக்கை விட்டுத் தள்ளி நின்றான். மைதானம் ஒரு மூச்சு அடங்கியது. அடுத்த மூச்சில் அத்தனை பேரும் பாடினார்கள். ஐடி கம்பெனி அட்டையைக் கழுத்தில் போட்டபடி வந்த பிள்ளைகள், கையை உயர்த்தி, ஒரு சொல் பிசகாமல் பாடினார்கள். செல்வா என்னைப் பார்த்தான். அவன் என்ன செய்வான்? நான் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் நின்ற பெண் என் தோளைத் தொட்டு, "எங்களுக்கும் இந்த லைன்ல அழுகை வரும் ஆன்ட்டி" என்றாள். நல்ல பெண்தான்.

உன்னிடம் சொல்லி அழ இன்னும் எவ்வளவோ இருக்கிறது. நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தவை, எனக்கு மட்டும் தெரிந்தவை. சன்னலைச் சாத்திவிட்டு உட்காருகிறேன். தொண்டை வரைக்கும் ராகம் வருகிறது. வாயைத் திறக்காமலே அழுதுவிட்டு எழுந்திருக்கிறேன்.