கருங்கல் வாயிலில் உண்ணாதிருந்தவன்

நீரும் நெல்லும் குறையாத முகிலூர் நாட்டை ஆளும் வானவன்நங்கை, கருங்கல் மலைக்கு உரியவரும் வாளினும் வாய்மொழிக்கே பேர்பெற்றவருமான நெடுவேல் ஆதனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் சுனைகள் வற்றாதிருக்க; தங்கள் குடிகள் நோயின்றி வாழ்க; உப்பு வணிகர் வந்து சொன்ன தங்கள் முழங்கால் வலியும் தணிந்திருக்க.

சென்ற திங்களில் நம் அவைக்கு வந்த கடல் கடந்த வணிகர் ஒருவர், தம் நாட்டில் விரைவைக் குறிக்கும் சொல்லே அசையாத உறுதியையும் உண்ணா நோன்பையும் குறிக்கும் என்றார். அவையோர் சிரித்தனர், பட்டினி கிடப்பவன் எங்ஙனம் விரைவான் எனப் புலவர் ஒருவர் கேலி பேசினார். வாயிலில் நின்ற நம் ஓலைக்காரன் கொற்றன் மட்டும் சிரிக்கவில்லை. நாமும் சிரிக்கவில்லை.

பல்லாண்டுகளுக்கு முன், நம் தந்தையார் ஆண்ட அந்நாளில், கொற்றனின் காலுக்கு ஈடான குதிரை இந்நாட்டில் இல்லை. ஆவணித் திருநாளுக்குள் தங்கள் இசைவு வரின் நம்மைத் தங்களுக்கே மணம் தருவதாக நம் தந்தையார் எழுதிய ஓலையை இடையில் இறுகக் கட்டிக்கொண்டு, மழையென்றும் பாராமல் தங்கள் மலைக்கு ஓடி வந்தான். உரியவர் கையில் ஓலையைச் சேர்க்கும்வரை உண்ணலாகாது என்பது நம் ஓலைக்காரர் வழக்கம். வாயிலில் இட்ட சோற்றை மறுப்பவன் பகைவன் என்பது தங்கள் மலையின் வழக்கம். தங்கள் காவலர் அன்போடுதான் தினைச்சோறும் தேனும் வைத்தனர். அவன் கைகூப்பி மறுத்தான். காரணம் சொல்லியும் அவர்கள் நம்பவில்லை, பிடித்து அடைத்துவிட்டனர். சிறையிலும் அவன் தண்ணீரன்றி வேறு தொடவில்லை. தாங்கள் வேட்டையிலிருந்து திரும்பி ஓலையைப் பெற்றபோது திருநாள் கழிந்திருந்தது. வராத மறுமொழியை மறுப்பென்றே கொண்ட தந்தையார் மலைப்பாதையை அடைத்துவிட்டார்.

அவர் மறைந்தபின் நாம் எழுத எண்ணியதுண்டு. ஆனால் அப்பாதையில் இனிக் கால் வைக்கேன் என்று கொற்றன் சபதம் செய்திருந்தான். வேறொருவன் கையில் இதைக் கொடுக்க நமக்கு மனம் வரவில்லை. தங்கள் மலைப்பக்கம் வானம் கறுக்கும்போதெல்லாம் மேல்மாடத்தில் வந்து நின்றிருக்கிறோம். அரசி இதையும் எழுதலாமோ என்று ஓலை எழுதும் அமைச்சர் தயங்கினார். எழுதச் சொன்னோம்.

வணிகர் பேசிய அன்று அவை கலைந்தபின் கொற்றன் வந்து, பிந்திப்போன அந்த ஓலைக்கு ஈடாக இன்னோர் ஓலை தரவேண்டும் என்றும், ஓட இயலாவிடினும் நடந்தாவது சேர்ப்பேன் என்றும் வேண்டினான். நரைத்த தலையோடு அவன் அழுதது கண்டு நமக்கும் கண் நிறைந்தது.

ஆகவே நம் ஆணை யாதெனின்: இன்று முதல் முகிலூர் ஓலைக்காரர், எவ்வாயிலில் எவர் சோறிட்டாலும் உண்டபின்னரே ஓலை நீட்டுக. இதை முரசறைந்து அறிவித்தோம். மலைப்பாதையையும் திறந்துவிட்டோம். முகில் முத்திரையை நம் கையாலேயே பதித்தோம்.

மறுமொழிக்கு விரைவு வேண்டாம். முழங்கால் இடம் கொடுக்கும் நாளில் தாங்களே வருக. நாம் அந்த மேல்மாடத்தில்தான் இருக்கிறோம். முரசு கேட்டுக் கொற்றன் தலையசைத்தான் எனினும் அவனை நாம் அறிவோம். தாங்கள் இதைப் படிக்கும் இப்பொழுதும் அவன் உண்ணாமல்தான் எதிரே நிற்கிறான். ஓலையைக் கீழே வைத்து, தங்கள் கையால் முதலில் அவனுக்குச் சோறிடுக.