ராஜவேல் லாரியின் பம்பு

மாமா,

தம்பி சகாய ஆனந்தோடு சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அடுப்பில் சுறாப்புட்டு இருக்கிறது.

காலையில் தெருவே வேடிக்கை பார்த்தது. லாரி வேகமாக இழுக்கட்டும் என்று அதன் பின்பக்கம் டர்போ மாட்டிக் கொடுத்ததற்காக, எதிர்வீட்டு ராஜவேல் அவனை வீல் ஸ்பேனரால் அடித்தான். "மிதிச்சா வெத்தல மென்னு துப்புனப்பறம்தான் இழுக்குது. இப்ப ஆயிலக் குடிச்சுட்டுப் பொகையா கக்குது" என்று அடிக்கொரு புகார்.

தம்பியோ அடி வாங்கிக்கொண்டே பாடம் நடத்தினான். "லேட்டா இழுக்குறது கொழா நீளத்தால மச்சான். டர்போ எஞ்சினவிடத் தாழ்வா இருக்கு, ஆயில் தானா மேல திரும்பாது. அதுக்குத்தான் பம்பு வெச்சிருக்கேன், குனிஞ்சு பாரு."

ராஜவேல் குனிந்து பார்த்தான். பம்பு இல்லை, குழாய்களை நேராக இணைத்திருந்தது. பொய்க்கென்று விழுந்த அடியில்தான் கை முறிந்தது. ராஜவேல் மனைவி அனுப்பிரியா "விடுங்க" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள்.

ரத்தத்தைக் கழுவத் தண்ணீர் பிடித்தேன். எண்ணெய் மிதந்தது. நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியடியில் போய்ப் பார்த்தேன். கரண்ட் கட்டானாலும் பேட்டரியிலேயே தண்ணீர் ஏற்றும் என்று நீங்கள் பெருமையடித்த பம்பு, லாரியிலிருந்து கழற்றியதுதான்.

அதை ராஜவேல் கையில் நீங்களே கொடுங்கள். அவன் ஸ்பேனர் நம் வாசலில் கிடக்கிறது, அதையும் கொடுத்துவிடுங்கள்.

ஜெயராணி

சொல்ல மறந்தேன்: சாப்பிட்டுவிட்டே போங்கள். தம்பிக்குப் பக்கத்துக் கட்டிலைப் பிடித்து வைக்கிறேன்.