ஈயத்தாள் சுற்றிய பியூஸ்

கிளிவெட்டி,
1975 புரட்டாதி.

என் அன்புக்கும் கோபத்துக்கும் உரியவருக்கு,

குணேஸ்வரி எழுதிக்கொள்வது. அம்மன் கிருபையால் நாங்கள் நலம், தாங்களும் நலந்தானே என்று தொடங்குவதுதான் முறை. நாங்கள் நலமில்லை. நீங்களும் நலமாக இருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆகையால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

முருங்கனில் ஓர் அரிசி ஆலையில் உங்களைக் கண்டதாக லொறிக்காரர் ஸுஹைர் வந்து சொன்னார். ஆள் நல்லா மெலிஞ்சு போனார், கதை குடுத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு போறார் என்றார். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா இல்லையா என்றே தெரியாமல் ஏழு மாதம் கிடந்தவள் நான். கேட்டதும் நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த நிமிசமே, அட பாவி மனிசா, தம்பியைப் பறிகொடுத்தவளைத் தனியே விட்டுவிட்டு அங்கே போய் நெல்லு மூட்டை சுமக்கிறாயா என்று ஆத்திரமும் வந்தது. இரண்டையும் எழுதாமல் விட ஏலாது.

முதலில் உழவு மெசினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எரிந்த நாளிலிருந்து அது களத்து மேட்டிலேயே துருப்பிடித்துக் கிடந்தது. அம்மா அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டா. பழைய இரும்புக்குக் கொடுத்துத் தொலை என்று ஊரே சொன்னது. எனக்கு மனம் வரவில்லை. மாரி வரப்போகிறது, வயலும் உழ வேண்டும். உங்கள் கூட்டாளி ஸெய்னுதீன் நானாவுக்கு மூதூருக்கு ஆள் அனுப்பினேன். அவர் திருகோணமலையில் துறைமுகப் பக்கத்துப் பழைய சாமான் கடைகளில் அலைந்து, கப்பலில் கழித்த நல்ல வயராகப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தார். எங்கிருந்தோ நாலைந்து பியூசும் தேடிப் பிடித்திருந்தார்.

வந்த கையோடு பற்றரியைக் கழற்றித் தூர வைத்தார். பிறகு எல்லா வயரையும் பிடுங்கினார். கொஞ்சம் நல்லாத்தானே கிடக்கு என்று நான் ஒன்றைக் காட்ட, வேணாம் தங்கச்சி, பழசோட புதுசை முறுக்கினா திரும்பவும் அதே சனியன்தான் என்றார். மற்ற வாகனங்களில் பற்றரியின் மைனஸ் பக்கத்தை வண்டி இரும்பில் பூட்டுவார்களாம், எங்கள் கிழட்டு மெசினுக்கு மட்டும் பிளஸ்ஸாம். உங்களுக்குத் தெரிந்ததுதான், எனக்கு இப்போதுதான் தெரியும். இரும்பு ஓட்டைக்குள்ளால் வயர் நுழைகிற இடத்திலெல்லாம் சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றியது நான். புகைக்குழாயில் படாமல் இழுத்துக் கட்டியதும் நான். பொம்பிளைக்கு ஏன் இந்த வேலை என்று பார்த்துக்கொண்டு நின்றவர்களை, வேலை வெட்டி இல்லாட்டி வந்து ஸ்பானரைப் பிடியுங்கோ என்று ஏசிக் கலைத்தேன்.

இனி எழுதப் போவதை ஓரிடத்தில் இருந்து வாசியுங்கள்.

பியூஸ் பெட்டியைத் திறந்தபோது, பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாள் கறுத்துப்போய் இருந்தது. நீங்கள் சுற்றி வைத்தது. சாமான் வராத காலம், கொழும்பிலேயே பியூஸ் இல்லை, ஈயத்தாள் சுற்றாத மெசின் இந்தப் பகுதியில் ஒன்று காட்டுங்கள் பார்ப்போம். அதெல்லாம் எனக்கு விளங்கும். ஆனாலும் அது உங்கள் கைவேலை. வயரின் தோல் இரும்பில் உரசி உரசி அறுந்திருக்கிறது. பியூஸ் இருந்தால் அங்கேயே கரண்டு நின்றிருக்கும். ஈயத்தாள் நிற்பாட்டவில்லை. வயர் பழுத்து, மெசினால் நெல்லு மிதித்தபோது அடியில் சிக்கிய வைக்கோலில் பற்றிவிட்டது.

எல்லாம் பூட்டி முடிந்ததும் நானா புதுப் பியூசைப் போட்டார். தங்கச்சி, இஞ்ச பாரும் என்று சொல்லி, வேண்டுமென்றே ஒரு வயரின் நுனியை இரும்பில் தொட்டார். பட்டென்று ஒரு சத்தம். பியூசுக்குள் இருந்த மயிர் போன்ற கம்பி அறுந்தது. புகையில்லை, நெருப்பில்லை. இதுதான் இதின்ர வேலை, இனிப் பயமில்லை என்றார். நான் அப்படியே மண்ணில் குந்தியிருந்து ஓவென்று அழுதேன். ஐயோ, இவ்வளவுதானா? இந்தச் சின்னக் கம்பி அறுந்திருந்தால் தம்பி ஞானசேகரம் அன்றைக்கு மத்தியானம் சோற்றுக்கு வந்திருப்பானே!

நானாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எலி கடிச்ச வயராலதான் நெருப்புப் பிடிச்சதெண்டு தவராசாவுக்கு எழுதும், அவனில பிழையில்லையெண்டு தெரிஞ்சா வந்திடுவான் என்றார். அம்மாவிடம் போய்ச் சொன்னேன். பிள்ளையைப் பறிகொடுத்த கனகம்மா என்ன சொன்னா தெரியுமா? எலியெண்டு எழுதினா என்ன, பேயெண்டு எழுதினா என்ன, மருமகனை வீட்டுக்கு வரப் பண்ணு என்றா.

நான் எழுத மாட்டேன். நீங்கள் மெசின் தெரிந்த மனிதர். என்றைக்கோ ஒருநாள் நீங்களே யோசித்துப் பிடித்துவிடுவீர்கள், மறுபடியும் ஓடுவீர்கள். இன்னொரு தரம் உங்களைத் தொலைக்க எனக்கு ஏலாது.

உங்களுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. தம்பியை மூதூரிலிருந்து லோஞ்சில் கடலால் திருகோணமலைக்குக் கொண்டுபோகும்போது வழி முழுக்க அவன் தலையை மடியில் வைத்திருந்தவர் நீங்கள். ஆஸ்பத்திரி விறாந்தையில் டொக்டர் தலையை ஆட்டியதும் எழுந்து போனீர்கள். போனவர் போனவர்தான். அதற்குப் பிறகு தம்பி கண் விழித்தான். அத்தான் எங்க என்று கேட்டான். தேத்தண்ணி வாங்கப் போயிட்டார், இப்ப வந்திடுவார் என்றேன். சூட்டில நெருப்புப் படேல்லையே என்று கேட்டான். அவன் குதித்து ஓடியிருக்கலாம். அறுவடை முழுக்க நெற்போராகக் குவிந்து கிடந்த அந்தச் சூட்டுக்குக் கிட்ட நெருப்பு வரக்கூடாதென்று, எரிகிற மெசினைத் தூர ஓட்டிக்கொண்டு போனவனல்லவா! ஓமடா தம்பி, நெல்லு முழுக்கத் தப்பிட்டுது என்றேன். அத்தான் வந்த உடன சொல்லு, அவர் பயந்துகொண்டு இருப்பார் என்றான். பிறகு கதைக்கவில்லை. இதோ, உங்களிடம் சொல்லிவிட்டேன்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். கை வரவில்லை. எலியென்று பொய் எழுதாதவள் இதற்கும் பொய் எழுதக் கூடாது. கோபம் என்றைக்கு ஆறும் என்று எனக்குத் தெரியாது. ஆறும்வரை காத்திருக்காதீர்கள். ஆறாமலே வாருங்கள். நான் ஏசுவேன், இருந்து கேளுங்கள். அம்மாவுக்கு முன்னால் அழ எனக்குப் பயம், அவ தாங்க மாட்டா. ஊரார் வந்து பாவம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவனுக்குச் சைக்கிள் பழக்கியவர் நீங்கள், மெசின் பழக்கியவர் நீங்கள், அவன் காய்ச்சலில் கிடந்தால் என்னோடு சேர்ந்து முழித்திருந்தவர் நீங்கள். என் தம்பிக்காக என் அளவுக்கு அழக்கூடிய ஆள் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் அங்கே தனியாக அழுதால் நான் இங்கே யாரோடு அழுவேன்?

லோஞ்சில் ஏற மனம் வராவிட்டால் கந்தளாய்ப் பக்கத்தால் பஸ்ஸில் வாருங்கள். எந்தப் பாதையால் வந்தாலும் சரி. அம்மன் உங்களுக்குத் துணை நின்று வீட்டுவாசலில் கொண்டுவந்து விடட்டும்.

இப்போதும் உங்கள் மனைவி,
குணேஸ்வரி.