சவரக்கத்தியில் இரண்டு பெயர்கள்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி தேவலையா? பழம்பொருள் கடையில் எனக்கு இப்போது சவரக்கத்திகளைச் செய்தவர், விற்றவர் யாரெனத் தேடும் வேலை. நேற்று துரு துடைக்கையில் விரலில் சின்னக் கீறல், அவ்வளவுதான். "பேரைத் தேடச் சொன்னா ரத்தத்துல கையெழுத்துப் போடுறீங்களே சார்!" என்றார் முதலாளி.

அந்தக் கத்தியில் பெரிதாக இருந்தது விற்றவன் பெயர். கைப்பிடியைக் கழற்றினால், உள்ளே கடுகளவில் செய்தவன் பெயர்! நான் வளர்த்த கடைக்குத் தன் பெயரில் பலகை மாட்டிய அண்ணனிடம் சொல்லுங்கள், புரியும்.

அப்பாவின் கத்தியும் அவனிடம்தானே இருக்கிறது? அதற்குள் யார் பெயரோ! பார்த்து எழுதச் சொல்லுங்கள். வேண்டாம், உடைத்துவிடுவான். அவன் வாசலை மிதிக்க மாட்டேன் என்றிருந்தேன். ஆனாலும் லீவு கேட்டிருக்கிறேன், நான் வரும்வரை அதைத் தொடாமல் இருக்கச் சொல்லுங்கள்.

முதலாளி கூப்பிடுகிறார்.

உங்கள் இளையவன்