தொட்டியடியில் பச்சைப் பளிங்கு

அன்புள்ள என்னவருக்கு,

பழைய சிறைச்சாலையை இடித்த இடத்தில் நம் பேராலயத்தைத் திறந்துவிட்டார்கள். ஞானஸ்நானத் தொட்டியைச் சுற்றி நீங்கள் பதித்த பச்சைப் பளிங்கில் முகம் தெரிகிறது. திறப்புக்கு முன்பே இங்கிலாந்துக்குப் போய்விட்ட நீங்கள் அது மின்னுவதைப் பார்க்கவே இல்லை.

உங்கள் தங்கை அட்ராக்டா தன் குழந்தைக்கு அங்கேதான் பெயரிட்டாள். "அண்ணன் போட்ட தரை, அண்ணி! கிட்ட வந்து நில்லுங்க!" என்று கையைப் பிடித்து இழுத்தாள். நான் தூணருகிலேயே நின்றுகொண்டேன். தண்ணீர் பட்டதும் குழந்தை வீறிட்டது. உயிரில்லாமல் பிறந்த நம்முடையவள் ஒருமுறைகூட அழவில்லை. அதனால்தானே அவளுக்கு ஞானஸ்நானமும் இல்லை, கல்லறைத் தோட்டத்தில் இடமும் இல்லை என்றார்கள்.

பிறகு முற்றத்தில், அந்தச் சிறையில் தூக்கிலிட்டுப் புதைக்கப்பட்டவர்களுக்காக ஃபாதர் ஜெபித்தார். "அவங்களும் கடவுளோட பிள்ளைங்கதானே" என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் வாசல் பக்கம் நடந்தேன்.

கடற்கரை மேட்டில் அவளைப் புதைத்து, அடையாளத்துக்கு மிச்சப் பளிங்குத் துண்டொன்றை வைத்தீர்களே, நேற்று அங்கே போனேன். கல்லைக் காணோம். மேட்டையே கடல் கொண்டுபோய்விட்டது.

அவளைப் பார்க்க மட்டும் ஒருமுறை வருவேன் என்று எழுதியிருந்தீர்கள். இனி வரவேண்டாம்.

இப்படிக்கு,
அவள் அம்மா