தழும்பு இல்லாத கழுத்து

3 ஆகஸ்ட் 1997, ஞாயிறு

விடாத மழை. அம்மாவும் தங்கச்சி வள்ளியும் இழுத்துப் போனதால் எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் வீட்டு டி.வி.யில் அந்தப் புதுத் தொடரைப் பார்த்தேன். ஜமீன் பங்களாவில் ரத்தம் குடிக்கிற ஒருவன். செத்து நூறு வருஷமாம், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. வெயில் பட்டால் ஆகாது. பெயர் ஆதித்தன்! எழுதினவனை என்ன செய்தால் தகும்?

அவனை ரேணு என்றொருத்தி காதலிக்கிறாள். பட்டுச் சேலையும் வெறுங்காலுமாகப் பனிக்காட்டில் நடக்கிறாள். ஓர் அட்டைகூட ஏறவில்லை. எங்கள் எஸ்டேட்டுக்குக் களை எடுக்க வரட்டும். கம்பு நுனியில் உப்பு முடிச்சைக் கட்டிக்கொண்டு, காலில் ஏறுகிற அட்டையை ஒற்றி ஒற்றி உதிர்த்தபடிதான் நாங்கள் வேலை செய்கிறோம். ரத்தம் குடிக்கிற ஜென்மங்களோடு எனக்கு தினசரிப் பழக்கம். இதுவரை ஒன்றின் மேலும் காதல் வரவில்லை.

வள்ளி கண் கொட்டாமல் பார்த்தாள். புருஷன் வீட்டிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்தது இன்றுதான். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

10 ஆகஸ்ட்

இன்று கடித்தேவிட்டான். கடித்துவிட்டு அழுகிறான். "உன் மேல் உள்ள ஆசைதான் என்னை இப்படி ஆக்குகிறது" என்கிறான். கடிபட்டவள் அவன் கண்ணைத் துடைக்கிறாள்! ரைட்டர் சம்சாரம் சாந்தாமேரி அக்கா மூக்கைச் சிந்துகிறார். "அவனப் புடிச்சு வெயில்ல தள்ளு புள்ள!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் என்னை முறைத்தார்கள்.

வெளியே வந்தால் அங்கப்பன் நிற்கிறான், வள்ளி புருஷன். வாழவந்தியிலிருந்து சாயங்கால பஸ்ஸில் வந்திருக்கிறான். கையில் கனகாம்பரம். பஸ்ஸைத் தவறவிட்டு இருட்டி வந்தாள் என்பதற்காக என் தங்கச்சியின் கழுத்தடியில் கொள்ளிக்கட்டையை வைத்தவன்.

"அவ இல்லாம சோறு எறங்கலீங்க. எம்பட உசுரே அவதானுங்க."

அழுகிறான். அதே வசனம். இவனுக்கும் அந்தத் தொடரை எழுதினவன்தான் எழுதித் தருகிறானா?

14 ஆகஸ்ட்

அம்மா அவன் பக்கம். "சேர்வராயன் கோயில்ல கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணிட்டானே கண்ணு. இனி கை நீட்டுனா சாமி பாத்துக்கும்" என்கிறாள். சாமி பார்க்கிறதுக்குள் இவள் கழுத்தில் இன்னும் எத்தனை சூடு?

31 ஆகஸ்ட்

ஆத்திரத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணுகிறது, கோணட்டும்.

தொடர் முடிந்து வரும் வழியில் வள்ளி சொல்கிறாள்: "அவரு மாறிடுவாருக்கா. ரேணுவுக்காக ஆதித்தனே மாறுறானே."

எவனோ ஓர் அட்டைக்கு வேட்டி கட்டி ஆதித்தன் என்று பேர் வைத்தால், அதைப் பார்த்துத்தானா என் தங்கச்சி வாழப் போகிறாள்! என்னென்னவோ கத்தினேன். கடைசியில், "போ, போயிச் சாவு" என்றும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "அடுத்த ஞாயித்துக்கெழமை அவரு வந்தா போறேன்" என்றாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

அந்த டி.வி.மேல் இடி விழ. இல்லை, என் வாய்மேல்.

6 செப்டம்பர்

கதவுக்குப் பின்னால் அவள் துணிமூட்டை. பேசினால் வீம்புக்குப் போவாள். பேசாவிட்டாலும் போவாள். நான் என்னதான் செய்ய?

7 செப்டம்பர், ஞாயிறு

ஆதித்தனுக்கும் ரேணுவுக்கும் கல்யாணம். தாலி கட்டுகிறான். அவள் கழுத்தை டி.வி. முழுக்கக் காட்டினார்கள். பளபளவென்று இருந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வள்ளி மட்டும் முன்னால் நகர்ந்து உற்றுப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, இந்தப் புள்ளைக்குத் தழும்பு எங்கீங்க?"

"என்ன தழும்பு?" என்றார் சாந்தாமேரி அக்கா.

"அத்தன தடவ கடிச்சானே. ஒண்ணுகூடக் காணமே."

"அட கண்ணு, எல்லாம் நடிப்புதானே!"

"நடிப்புங்களா" என்றாள் வள்ளி. அவள் கை முந்தானைக்குள் போய்க் கழுத்தடியைத் தடவிற்று. அம்மா அதைப் பார்த்தாள். நானும்தான். வாயைத் திறக்காமல் இருக்க நான் பட்ட பாடு!

வாசலில் அங்கப்பன், கனகாம்பரத்தோடு. அழ ஆரம்பித்தான். வள்ளி எதிரே நின்று, டி.வி. பார்ப்பது போலவே அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் மூச்சு வாங்க நிறுத்தும்வரை பார்த்தாள்.

"நொம்ப நல்லா அழுவறீங்க" என்றாள். "கடைசி பஸ் போயிரும். கெளம்புங்க."

8 செப்டம்பர்

காலையில் என் கம்பைக் காணோம். தேடினால், அதைப் பிடித்துக்கொண்டு வள்ளி வாசலில் நிற்கிறாள். ரைட்டரிடம் களை எடுக்கப் பெயர் கொடுத்துவிட்டாளாம்.

"நீ வேற கம்பு பாத்துக்கக்கா" என்றாள்.

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். கை நிறையக் கல்லுப்பு. வள்ளியிடமிருந்து கம்பை வாங்கி, பழைய முடிச்சை அவிழ்த்து, எல்லா உப்பையும் கொட்டி இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள்.