வாலைத் தூக்கிய தேள்

அன்புக் கணவர் பெர்தெபாய்க்கு, தாஷ்கந்திலிருந்து சீபாவின் சலாம். உங்கள் கால் வீக்கம் வற்றியதா? மகள் ஐசானெம் வேளைக்குச் சாப்பிடுகிறாளா? நான் சுகம்.

போன வாரம் பட்டறையில் ஒரு வேடிக்கை நடந்தது, பயப்படாமல் படியுங்கள். சாவிக்கொத்தில் தொங்கவிடும் வில்லைக்காகத் தேளைக் கண்ணாடி மாதிரியான ரெசினுக்குள் பதிக்கிறோம். முதல் அடுக்கை அச்சில் ஊற்றி, அது பிசுபிசுவென்று இறுகியதும் செத்த தேளை வைத்து, மேலே இரண்டாம் அடுக்கை ஊற்றவேண்டும். அன்று நான் வைத்த தேள் வாலைத் தூக்கியது. ஒட்டிய கால்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு என் கையுறைமேல் ஏறியது.

முதலாளி முகத்தஸ் அக்கா இடுக்கியால் அதைப் பிடித்து மறுபடியும் அச்சில் அழுத்தினாள்.

“ஊத்துடி.”

“அக்கா, உயிரோட இருக்குக்கா!”

“அதனாலதாண்டி சொல்றேன். சீக்கிரம் ஊத்து.”

ஊற்றிவிட்டேன். கொஞ்ச நேரம் அதன் அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. பிறகு நின்றுவிட்டன. வால் மட்டும் தூக்கியபடியே இருந்தது.

அதை வாங்க மூன்று பேர் போட்டி போட்டார்களாம். “இனிமே எல்லாமே உயிரோடதான்” என்று சொல்லிவிட்டாள் அக்கா.

முழங்கைவரை வரும் தடித்த கையுறை கிடைத்தால் அனுப்புங்கள். மகளின் போட்டோ ஒன்றும் வையுங்கள். கால் ஆறியதும், முடிந்தால் அதற்கு முன்பே, வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

வாசலில் புதுப் பெட்டி வந்து இறங்கியிருக்கிறது. உள்ளே பிறாண்டும் சத்தம் இங்கே வரை கேட்கிறது. அக்கா கூப்பிடுகிறாள்.

உங்கள் சீபா